டிராகன் குவெஸ்ட் விளையாடப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிராகன் குவெஸ்ட் என்ற ஜப்பானிய ஆர்பிஜி (ஒரு பாத்திரமாகி சாகசம் போகும் வீடியோ கேம்) தொடர் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். சுலபமானவை மேலே, சிக்கலானவை கீழே. கதையின் பெரிய திருப்பங்கள் எதையும் உடைக்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

டிராகன் குவெஸ்ட்னா டிராகன் பால் கேமா? முகமெல்லாம் அப்படியே கோகு மாதிரி இருக்கே?

இல்லை, இரண்டும் வேறு வேறு. சாயல் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் இரண்டுக்கும் வரைந்தவர் அகிரா தோரியாமா என்பதுதான். டிராகன் குவெஸ்ட் முதல் பாகம் 1986 மே 27 அன்று ஃபேமிகாம் என்ற நின்டெண்டோ கன்சோலில் வெளிவந்தது. வெளியிட்டது எனிக்ஸ், கதையும் வடிவமைப்பும் யூஜி ஹோரி, இசை கோய்ச்சி சுகியாமா. அந்த நீல நிற ஸ்லைம், சொட்டு வடிவத்தில் சிரித்துக்கொண்டே இருக்குமே, அதுவும் தோரியாமா வரைந்ததுதான்.

ஹோரிக்கு விஸார்ட்ரி, அல்டிமா ஆகிய அமெரிக்கக் கணினி கேம்கள் மிகவும் பிடிக்கும். ஆனால் அவை பழகாதவர்களை விரட்டிவிடும். அந்த அனுபவத்தை, இந்த வகையே என்னவென்று தெரியாத பிள்ளைகளும் நாலு பட்டன் உள்ள கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு ரசிக்கும்படி செய்ய வேண்டும் என்று அவர் நினைத்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பாதிப் பதில்கள் இதிலிருந்து பிறந்தவை.

முதல் பாகத்துல இருந்துதான் ஆரம்பிக்கணுமா? பதினொண்ணு இருக்கே, எப்போ முடிக்கிறது?

வேண்டாம். பெரும்பாலான பாகங்கள் தனித்தனிக் கதைகள். 1, 2, 3 ஆகிய மூன்றும் எர்ட்ரிக் என்ற பழங்கால வீரனின் பெயரால் இணைந்தவை. 4, 5, 6 ஆகிய மூன்றும் ஜெனித்தியா என்ற வானக் கோட்டையால் மெலிதாக இணைந்தவை. 7, 8, 9, 10 தனித்தனி. 11 முழுக்கத் தனியாகவே ஆடலாம், ஆனால் பழைய பாகங்களை ஆடியவர்களுக்கு அதில் கூடுதலாகச் சில பரிசுகள் காத்திருக்கின்றன.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது மூன்றில் ஒன்று. திரையில் அழகும் வசதியும் வேண்டுமென்றால் 11. நல்ல கதை வேண்டுமென்றால் 5. தொடரின் வேர் எது என்று பார்க்க ஆசையென்றால் 3, அதுவும் 2024 நவம்பர் 14 அன்று வந்த எச்டி-2டி ரீமேக், அதாவது பழைய புள்ளிப் பட உருவங்களை முப்பரிமாண உலகில் வைத்துப் புதிதாகச் செய்த பதிப்பு. எனக்குப் பிடித்தது 5தான், அதை மறைக்கப் போவதில்லை.

எல்லாத்தையும் ஆடப் போறேன், எந்த வரிசை?

வெளியான வரிசையிலேயே போகலாம், கேம் வடிவமைப்பு எப்படிப் படிப்படியாக வளர்ந்தது என்று கண்ணெதிரே தெரியும். முதல் பாகத்தில் நீங்கள் தனியாள், எதிரியும் ஒன்றுதான். இரண்டாவதில் மூன்று பேர் கொண்ட பார்ட்டி (சேர்ந்து போகும் குழு), மூன்றாவதில் நாமே ஆள் சேர்த்துத் தொழில் கொடுக்கலாம், நான்காவதில் கதை அத்தியாயங்களாகப் பிரிந்து ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு நாயகர், ஐந்தாவதில் மான்ஸ்டர்களையே கூட்டாளியாக்கலாம்.

கதைக் காலத்தின்படி பார்த்தால் 3, 1, 2 என்பது முதல் மூன்றின் வரிசை. அடுத்த மூன்றுக்கு 6, 4, 5. எச்டி-2டி ரீமேக்குகளும் முதலில் 3, அப்புறம் 2025 அக்டோபர் 30 அன்று 1, 2 இரண்டும் சேர்த்து என்றுதான் வெளிவந்தன, அந்த வரிசைக்கு ஏற்ற மாதிரி கதையிலும் சேர்த்திருக்கிறார்கள். எனவே எச்டி-2டியில் ஆடுகிறவர்கள் 3, 1, 2. பழைய போர்ட்டுகளில் (மூலத்தை வேறு கருவிகளுக்கு மாற்றிய பதிப்புகளில்) ஆடுகிறவர்கள் 1, 2, 3. ஆனால் 6, 4, 5 என்று போகாதீர்கள், அந்த மூன்றின் தொடர்பு அவ்வளவு மெல்லியது, 6ஐ முதலில் ஆடினால் அது பின்னால் கொடுக்க வேண்டிய வியப்பு போய்விடும்.

என்கிட்ட போனும் ஒரு சாதாரண லேப்டாப்பும்தான் இருக்கு. கன்சோல் வாங்கணுமா?

வேண்டாம். 1 முதல் 6 வரையும் 8ஆம் பாகமும் போனிலேயே ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஒரு முறை பணம் கட்டினால் போதும். விளம்பரம் கிடையாது, நடுவில் காசு கேட்காது. போனை நிமிர்த்திப் பிடித்து ஒரே கையால் ஆடும்படி செய்திருக்கிறார்கள், பஸ்ஸில் நின்றுகொண்டேகூட ஒரு குகையை முடித்துவிடலாம். சண்டைகள் முறை வைத்து, அதாவது நாமும் எதிரியும் மாறி மாறி, நடப்பதால் தொடுதிரை ஒரு குறையாகத் தெரியாது, நடக்கும்போதுதான் கொஞ்சம் வழுக்கும்.

லேப்டாப்பில் 11ஆம் பாகத்தின் எஸ் பதிப்பு ஸ்டீம் என்ற இணையக் கடையில் இருக்கிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத இயந்திரத்தில் திணறும். வாங்குவதற்கு முன்னால் அதன் இலவச டெமோவை இறக்கிப் பாருங்கள். பல மணி நேரம் ஓடும் டெமோ அது, சேவ் கோப்பு அப்படியே முழு கேமுக்கு மாறும், எனவே நேரம் வீணாகாது. வேகம் போதவில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம் எடுக்கும்?

பழைய போர்ட்டில் முதல் பாகம் பத்து மணி நேரத்தை ஒட்டி முடியும், இரண்டாவது அதைப் போல இரண்டு மடங்கு. 3, 4, 5 மூன்றும் முப்பது மணி நேரம் பக்கம். 8க்கு அறுபதுக்கு மேல். 11ஐ முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் நூறு மணி நேரம் ஒதுக்குங்கள். 7 எல்லாவற்றையும்விட நீளம், அதற்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது. அவசரமில்லாமல் ஆடினால் இன்னும் கூடும், கூடட்டும்.

தமிழ் இல்லை, சரி. அந்த இங்கிலீஷ் எனக்குப் புரியுமா?

11ஆம் பாகத்திலும் 8ஆம் பாகத்திலும் பெரிய சிரமம் இல்லை. முக்கியக் காட்சிகளுக்குக் குரல் உண்டு (8ன் போன் பதிப்பில் மட்டும் இல்லை), கூடவே எழுத்தும் வரும். சிரமம் தருவது 4தான். ஊருக்கு ஊர் ஆங்கில வட்டார வழக்கில் எழுதியிருக்கிறார்கள். முதல் அத்தியாயத்தில் ஸ்காட்லாந்துக்காரர்கள் பேசுகிற மாதிரி, இரண்டாவதில் ரஷ்யர்கள் ஆங்கிலம் பேசுகிற மாதிரி. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரிந்துவிடும். ஒவ்வொரு ஊரையும் கடந்தால் அந்த வழக்கு போய்விடும், அதனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

4ஆம் பாகத்தை டிஎஸ்ஸில் (நின்டெண்டோவின் கைக் கருவி) ஆடுவதா போனிலா என்று யோசிப்பவர்கள் போனையே எடுங்கள். கூட வருகிறவர்களோடு வழியில் பேசும் வசதி ஆங்கில டிஎஸ் பதிப்பில் நீக்கப்பட்டிருந்தது, போன் பதிப்பில் திரும்பி வந்தது. அந்தக் கேமின் உயிரே அந்தப் பேச்சுகள்தான்.

எல்லாரும் செத்துட்டா கேம் ஓவரா? முதல்ல இருந்து ஆடணுமா?

இது புரிந்துவிட்டால் தொடரே புரிந்த மாதிரி. பார்ட்டி மொத்தமும் விழுந்தால், கடைசியாக சேவ் செய்த இடத்தில், அதாவது சர்ச்சிலோ அரசர் முன்னாலோ எழுந்து நிற்பீர்கள். கையிலிருந்த பணத்தில் பாதி போகும். சண்டையில் சேர்த்து லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளிகள் போகாது, கிடைத்த பொருள்கள் போகாது, திறந்த பெட்டிகள் திறந்தபடியே இருக்கும். அதாவது தோற்றுவிட்டு வந்தாலும் போனபோது இருந்ததைவிட வலுவாகத்தான் இருக்கிறீர்கள். புதிதாக ஆடுகிறவர்களை விரட்டக் கூடாது என்று முதல் பதிலில் சொன்னேனே, அந்த எண்ணத்தின் நேரடி விளைவு இது. நான் இந்தத் தொடரை மதிப்பதற்கு முதல் காரணமும் இதுதான்.

அந்தப் பாதிப் பணம் போவதையும் தவிர்க்கலாம். 3ஆம் பாகம் முதல் ஊர்களில் வங்கி இருக்கும், ஆயிரம் ஆயிரமாகப் போட்டு வைக்கலாம், அது தோல்வியில் குறையாது. புதுக் குகைக்குள் நுழையும் முன்னால் ஒன்று கடையில் செலவு செய்துவிடுங்கள், இல்லையென்றால் வங்கியில் போடுங்கள். எச்டி-2டி ரீமேக்கிலும் 11லும் தானாக சேவ் ஆகிற வசதியும் இருக்கிறது.

மணிக்கணக்கா கிரைண்டிங் பண்ணணும்னு சொல்றாங்களே, உண்மையா?

லெவலுக்காகத் திரும்பத் திரும்பச் சண்டை போடுவதைத்தான் கிரைண்டிங் என்கிறார்கள். 1986, 1987 மூலப் பதிப்புகளுக்கு அது உண்மை. பின்னால் வந்த போர்ட்டுகளிலும் ரீமேக்குகளிலும் அனுபவமும் பணமும் அதிகமாகக் கிடைக்கும்படி மாற்றிவிட்டார்கள். வழியில் வரும் சண்டைகளை விட்டு ஓடாமல் போட்டாலே பெரும்பாலும் போதுமான லெவல் வந்துவிடும்.

புது ஊருக்கு வந்தால் லெவலுக்காகச் சுற்றுவதைவிட அந்த ஊர்க் கடையில் இருக்கும் ஆயுதத்துக்காகச் சுற்றுங்கள். இந்தத் தொடரில் ஒரு நல்ல வாளும் கேடயமும் இரண்டு மூன்று லெவலுக்குச் சமம். ஊர்க்காரர்கள் எல்லோரிடமும் பேசுங்கள், அடுத்து எங்கே போக வேண்டும், எந்த எதிரிக்கு என்ன பலவீனம் என்பதை அவர்கள்தான் சொல்வார்கள். சிலர் யாரிடமும் பேசாமல் ஓடிவிட்டு வழி தெரியவில்லை என்கிறார்கள், வழி அந்தக் கிணற்றடிப் பாட்டியிடம் இருந்தது.

ஒரு பாஸ்கிட்ட மாட்டிக்கிட்டேன். அஞ்சு லெவல் ஏத்தியும் அடிக்க முடியல

லெவல் பிரச்சினை இல்லை, ஸ்பெல் (மந்திரம்) பிரச்சினை. வேறு பல ஜப்பானிய ஆர்பிஜிகளில் வலுவூட்டும், வலுக் குறைக்கும் ஸ்பெல்கள் பாஸிடம், அதாவது ஒரு கட்டத்தின் பெரிய எதிரியிடம், வேலை செய்யாது என்று பழகிவிடுகிறோம், அதனால் யாரும் தொடுவதே இல்லை. டிராகன் குவெஸ்டில் அவைதான் வெற்றி. பஃப், கபஃப் நம் தற்காப்பை ஏற்றும். சாப், கசாப் எதிரியின் தற்காப்பை இறக்கும், பல பாஸ்களுக்கும் பலிக்கும். ஊம்ஃப் ஒருவரின் தாக்குதலைப் பெரிதும் ஏற்றும். நெருப்பும் பனியும் ஊதுகிற எதிரி என்றால் இன்சுலேட்.

முதல் இரண்டு முறையைத் தாக்காமல் இவற்றுக்குச் செலவிடுங்கள்: ஒருவர் கபஃப், ஒருவர் சாப், ஒருவர் பலமாக அடிக்கும் ஆளுக்கு ஊம்ஃப். அதற்கப்புறம் ஓர் ஆள் எப்போதும் குணப்படுத்துவதற்கே. பின்பகுதி பாஸ்கள் டிஸ்ரப்டிவ் வேவ் என்று ஒன்றை விடுவார்கள், நாம் போட்டதெல்லாம் அழிந்துவிடும். சலிக்காமல் மறுபடி போடுங்கள். அவர்கள் அதை விடுகிற முறையில் நம்மை அடிக்கவில்லை என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கூட இருக்கிறவங்களைத் தானா சண்டை போட விடலாமா, இல்ல ஒவ்வொருத்தருக்கும் நானே சொல்லணுமா?

சாதாரணச் சண்டைகளில் தாராளமாக விடலாம். டேக்டிக்ஸ் பட்டியலில் எம்பி (ஸ்பெல் போடச் செலவாகும் புள்ளிகள்) செலவழிக்காதே என்று வைத்தால் குகை முழுக்க எம்பி மிச்சமாகும். பாஸ் வந்ததும் ஃபாலோ ஆர்டர்ஸ் என்று மாற்றி நீங்களே கட்டளையிடுங்கள், ஏனென்றால் மேலே சொன்ன முதல் இரண்டு முறைத் திட்டத்தை அவர்களாகச் செய்வார்கள் என்று நம்ப முடியாது.

4ஆம் பாகத்தின் 1990 மூலப் பதிப்பில் ஐந்தாம் அத்தியாயத்தில் நாயகனைத் தவிர யாருக்கும் நாம் கட்டளையிட முடியாது. ரீமேக்குகளில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. மூலத்தையே ஆடுவேன் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

மெட்டல் ஸ்லைம் ஓடிப் போயிட்டே இருக்கு, எப்படிப் பிடிக்கிறது?

அதன் தற்காப்பு மிக மிக அதிகம், எச்பி (உயிர்ப் புள்ளிகள்) மிகக் குறைவு, ஸ்பெல் எதுவும் பலிக்காது, பயந்து ஓடும். ஆனால் கொடுக்கும் அனுபவத்தைப் பாருங்கள்: 8ஆம் பாகத்தில் மெட்டல் ஸ்லைம் 1350, லிக்விட் மெட்டல் ஸ்லைம் 10050, மெட்டல் கிங் ஸ்லைம் 30010, அது உயிரோடிருக்கும் பார்ட்டி ஆட்களுக்குப் பிரியும்.

வழி இரண்டு. ஒன்று, ஒவ்வோர் அடிக்கும் ஒரு புள்ளியாவது நிச்சயம் குறைக்கும் ஆயுதமோ திறனோ: பாய்சன் நீடில், மெட்டல் ஸ்லாஷ். நிச்சயமில்லை என்றாலும் ஒரே முறையில் இரண்டு முறை வெட்டும் ஃபால்கன் வாளும் உதவும். மற்றொன்று, பட்டால் கிரிட்டிகல் (தற்காப்பை மீறும் பலத்த அடி), தவறினால் ஒன்றுமில்லை என்கிற திறன்கள். 8ல் நாயகனோடு வரும் யாங்கஸின் ஹேச்செட் மேன், நாயகனின் தண்டர் த்ரஸ்ட் அப்படிப்பட்டவை. நாலு பேரும் ஒரே மெட்டலைக் குறிவையுங்கள், ஆளுக்கொன்று அடித்தால் எல்லாமே ஓடிவிடும்.

8ல ஸ்கில் பாயிண்டை எதுல போடுறது? மாத்த முடியாதாமே?

பிளேஸ்டேஷன் 2 பதிப்பில் மாற்ற முடியாது என்பது சரி. அதற்காகப் பயந்து எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போடாதீர்கள், அதுதான் கெடுதல். ஆளுக்கு ஓர் ஆயுதம் தேர்ந்து அதை நூறு வரை கொண்டு போங்கள். நான் சொல்வது: நாயகனுக்கு ஈட்டி, யாங்கஸுக்குக் கோடரி (காரணம் முந்தைய பதிலில்), ஜெசிகாவுக்குச் சாட்டை, ஏஞ்சலோவுக்கு வில். ஏஞ்சலோவின் வில் திறன்களில் ஒன்று எதிரியை அடிக்கும்போதே எம்பியை மீட்டுத் தரும், நீண்ட குகைகளில் அதன் அருமை தெரியும்.

இந்தப் பாகத்தில் அறிமுகமான சைக் அப்பை மறக்காதீர்கள். ஒரு முறை தாக்காமல் வலுவேற்றினால் டென்ஷன் என்ற அளவு 5, அப்புறம் 20, 50, 100. எந்த நேரத்தில் அவிழ்த்துவிடுவது என்பதுதான் இதில் விளையாட்டு. டிஸ்ரப்டிவ் வேவ் விடும் எதிரியிடம் நூறுக்காகக் காத்திருந்தால் எல்லாம் கரைந்துவிடும், இருபது ஐம்பதிலேயே அடித்துவிடுங்கள்.

3ல யாரை பார்ட்டில சேர்க்கலாம்? சேஜ் எப்படிக் கிடைக்கும்?

முதல் முறை ஆடுகிறவர்களுக்கு: நாயகன், வாரியர் அல்லது மார்ஷியல் ஆர்ட்டிஸ்ட், ப்ரீஸ்ட் (குணப்படுத்துபவர்), மேஜ் (மந்திரத்தால் தாக்குபவர்). இதில் எதுவும் தவறாகப் போகாது. எச்டி-2டியில் மான்ஸ்டர் ராங்ளர் என்ற புதுத் தொழில் இருக்கிறது, உலகம் முழுக்க நட்பு மான்ஸ்டர்களைத் தேடி மீட்க மீட்க அவருடைய தாக்குதல் வலுக்கும். ஊர் சுற்றுவதில் விருப்பமுள்ளவர்கள் ஓர் இடத்தை அவருக்குக் கொடுங்கள்.

லெவல் 20ஐத் தொட்டவர்கள் ஆல்டிரேட்ஸ் அபேயில் தொழில் மாற்றலாம். லெவல் 1க்குப் போகும், வலிமை முதலான எண்கள் பாதியாகும், கற்ற ஸ்பெல்கள் அப்படியே இருக்கும். ப்ரீஸ்ட், மேஜ் இரண்டின் ஸ்பெல்களையும் கற்கும் சேஜ் ஆவதற்கு ஓர் அரிய புத்தகம் வேண்டும். ஆனால் கேடபௌட், அதாவது சண்டையில் சொன்னதைச் செய்யாமல் விளையாடிக்கொண்டிருக்கும் ஆள், லெவல் 20ல் புத்தகமே இல்லாமல் சேஜ் ஆகலாம். இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த விதிகளில் இதுவும் ஒன்று. ஒரே நேரத்தில் இரண்டு பேரை மட்டும் மாற்றாதீர்கள், பார்ட்டி சட்டென்று பலவீனமாகிவிடும்.

2 ஏன் இவ்வளவு கஷ்டம்? ரோன் குகையில சிக்கிட்டேன்

எல்லோரும் சிக்குகிற இடம்தான். கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள், திரும்பத் திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவரும் பாதைகள், அதைத் தாண்டி வெளியே வந்தால் மொத்தப் பார்ட்டியையும் ஒரே ஸ்பெல்லில் சாய்க்கும் எதிரிகள். 1987ல் இதை ஆடியவர்கள் சேவ் வசதி இல்லாமல், 52 எழுத்து வரை நீளும் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி வைத்து ஆடினார்கள், ஒரு எழுத்து தவறினால் எல்லாம் போயிற்று.

குகைக்கு வரைபடம் பார்ப்பதில் தவறே இல்லை. மேலே ஏறியதும் சண்டைகளைத் தவிர்த்து நேராக அங்கிருக்கும் சிற்றாலயத்துக்குப் போய் சேவ் செய்யுங்கள், அதற்கப்புறம் செத்தாலும் அங்கேயே எழுவீர்கள், அந்தக் குகையை மறுபடி ஏற வேண்டாம். அங்கிருந்து பக்கத்திலேயே சுற்றி லெவல் ஏற்றுங்கள். எச்டி-2டியில் சிரம அளவை நடுவில் மாற்றலாம், டிராக்கி குவெஸ்ட் என்ற எளிய அளவில் பார்ட்டி சாகவே சாகாது.

5ல யாரைக் கல்யாணம் பண்றது? தப்பா தேர்ந்தெடுத்தா கதை மாறுமா?

கதையின் பெரிய ஓட்டம் மாறாது. சிறு வயதுத் தோழி பியாங்கா, செல்வந்தர் வீட்டுப் பெண் நேரா, டிஎஸ் ரீமேக்கில் சேர்ந்த அவள் அக்கா டெபோரா. யாரைத் தேர்ந்தாலும் பின்னால் வரும் முக்கிய நிகழ்வுகள் நடக்கும். மாறுவது மனைவியின் ஸ்பெல்கள், பேச்சுகள், பிள்ளைகளின் முடி நிறம், மாமனார் வீட்டு உதவி. நேராவை மணந்தால் அந்த வீட்டிலிருந்து பொருள்கள் வரும், அது லாபமான தேர்வுதான்.

நான் பியாங்கா பக்கம். சிறுவனாக இருந்தபோது இரவில் பேய் மாளிகைக்குக் கூடவே வந்தவள் அவள். லாபக் கணக்குப் பார்த்து இந்த முடிவை எடுக்காதீர்கள், ஒரு மனிதனின் குழந்தைப் பருவம் முதல் அவன் தந்தையாகும் வரை ஒரே கேமில் கூட வாழ்கிறோம், அந்த இடத்தில் உங்களுக்கு யாரைப் பிடித்ததோ அவரே சரி.

5ல மான்ஸ்டர் கூட்டு எப்போ சேரும்? நான் எவ்வளவு அடிச்சும் ஒண்ணும் வரல

நாயகன் இளைஞனான பிறகு ஃபார்ச்சூனா ஊரில் வண்டி வாங்கி, அங்கேயே இருக்கும் மான்ஸ்டர் முதியவரிடம் பேசின பிறகுதான். அதுவரை எத்தனை அடித்தாலும் சேராது. அப்புறம் சண்டை முடிந்ததும் சில நேரம் ஒன்று எழுந்து நம்மையே பார்க்கும். எல்லா இனமும் சேராது, சேரும் இனத்திலும் ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு வேறு. ஸ்லைம் நைட் ஒன்றைக் கட்டாயம் சேருங்கள், அடிக்கவும் தெரியும், குணப்படுத்தவும் தெரியும், நல்ல கவசம் பொருந்தும், கேமின் கடைசி வரை கூட வரும்.

6ல வொகேஷன் ஏறவே மாட்டேங்குது, நூறு சண்டை போட்டாச்சு

அந்தப் பாகத்தில் தொழில் நிலை அனுபவப் புள்ளியால் ஏறாது, சண்டைகளின் எண்ணிக்கையால் ஏறும். அந்த எண்ணிக்கையில் ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு லெவல் வரம்பு இருக்கிறது, நீங்கள் அதைத் தாண்டிவிட்டால் அங்கே போடும் சண்டைகள் கணக்கில் வராது. பலவீனமான எதிரிகளிடம் எத்தனை சண்டை போட்டாலும் பயனில்லை, முன்னால் போங்கள். கிரைண்டிங் பற்றி மேலே சொன்னது இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

7 ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சு, ஒரு சண்டைகூட வரல. கேம்ல ஏதாவது கோளாறா?

கோளாறில்லை, அது அப்படித்தான். 2000 ஆகஸ்ட் 26 அன்று வந்த பிளேஸ்டேஷன் பதிப்பில் முதல் ஸ்லைமைப் பார்க்கவே சில மணி நேரம் ஆகும். உலகத்தில் ஒரே ஒரு தீவுதான் இருக்கிறது என்று எல்லோரும் நம்பும் இடத்தில் தொடங்குகிறோம். உடைந்த கற்பலகைத் துண்டுகளைச் சேர்த்து, மறைந்துபோன தீவுகளின் கடந்த காலத்துக்குப் போய், அங்கே நடந்த துயரத்தைச் சரிசெய்தால் நிகழ்காலத்தில் அந்தத் தீவு கடலில் மீண்டும் தோன்றும். ஒவ்வொரு தீவும் ஒரு தனிச் சிறுகதை. சில கதைகள் மனதை அறுத்துவிடும், நல்லவன் வென்றான் என்று முடியாது.

ஜப்பானில் 2013லும் ஆங்கிலத்தில் 2016லும் வந்த 3டிஎஸ் ரீமேக் தொடக்கத்தைச் சுருக்கி, துண்டு தேடும் வேலைக்கு வழிகாட்டியும் கொடுத்தது. ஒரே மூச்சில் முடிக்க நினைக்காமல் வாரத்துக்கு ஒரு தீவு என்று ஆடுங்கள்.

9, 10 ரெண்டும் எங்கேயும் கிடைக்கலையே?

9 டிஎஸ்ஸில் மட்டும்தான் வந்தது, இன்று அந்தக் கருவியும் அட்டையும் இருந்தால்தான் முறையாக ஆட முடியும். 10 என்பது 2012ல் ஜப்பானில் தொடங்கிய இணைய கேம், ஆங்கிலத்தில் வரவில்லை. 2022ல் வந்த ஆஃப்லைன் பதிப்பும் ஜப்பானிய மொழியில்தான். இவை இரண்டையும் விட்டுவிட்டு 11க்குப் போனால் கதையில் எதுவும் குறையாது.

பழைய வழிகாட்டியில போட்டிருக்கிற ஸ்பெல் பேர் எதுவும் என் கேம்ல இல்லையே?

அது அமெரிக்காவில் டிராகன் வாரியர் என்ற பெயரில் வந்த காலத்து வழிகாட்டி. டிராகன் குவெஸ்ட் என்ற பெயரில் அங்கே ஏற்கெனவே ஒரு மேசை விளையாட்டு இருந்ததால் பெயரை மாற்றினார்கள், 2005ல் 8ஆம் பாகம் போனபோதுதான் சொந்தப் பெயர் திரும்பியது. அப்போதைய ரிட்டர்ன்தான் இப்போதைய ஜூம், ஹீல்மோர்தான் மிட்ஹீல். ஆண்டு பார்த்து வழிகாட்டியைத் தேர்ந்தெடுங்கள்.

ஜப்பான்ல லீவு நாள்லதான் இதை வெளியிடணும்னு சட்டமே இருக்காமே?

அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. 3ஆம் பாகம் 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை வந்தது, பள்ளிக்கும் வேலைக்கும் போகாமல் கடை வாசலில் வரிசை நின்றார்கள், அது பெரிய செய்தியாயிற்று. அதற்கப்புறம் 4ஆம் பாகம் ஞாயிற்றுக்கிழமை வந்தது, தொடர்ந்து வந்தவையும் பெரும்பாலும் வாரக் கடைசியில் வந்தன. அது நிறுவனம் எடுத்த முடிவு. சட்டம் இருந்திருந்தால் 10ஆம் பாகம் 2012 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை வந்திருக்க முடியாதே.

11 முடிச்சிட்டேன், பேரெல்லாம் ஓடிடுச்சு. இன்னும் இருக்குன்னு ஒருத்தர் சொல்றார், போனஸா?

போனஸ் இல்லை, கதையின் மூன்றாவது பகுதி அது. பெயர்கள் ஓடிய பிறகு அதே சேவ் கோப்பைத் திறங்கள். தொடக்கத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்த கேள்விகளுக்கு விடை அங்கேதான், உண்மையான கடைசி எதிரியும் அங்கேதான். முந்தைய பகுதி கொடுத்த வலியை இது குறைத்துவிடுகிறது என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு, அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ஆடாமல் விடாதீர்கள், ஆடிவிட்டு உங்கள் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு முறை ஆடப் போகிறவர்களுக்கு: டிராகோனியன் குவெஸ்ட் என்ற கடினக் கட்டுப்பாடுகளைப் புதிதாகத் தொடங்கும்போது மட்டுமே போட முடியும், நடுவில் நீக்கலாம், நீக்கியதைத் திரும்பப் போட முடியாது. வலுவான மான்ஸ்டர்கள் என்பதை மட்டும் போட்டு ஆடுங்கள், பாஸ் பற்றிய பதிலில் சொன்ன ஸ்பெல்கள் எல்லாம் முதல் ஊரிலிருந்தே தேவைப்படும். எஸ் பதிப்பின் 2டி வடிவத்துக்கு நடுவில் மாறலாம், ஆனால் அந்த அத்தியாயத்தின் தொடக்கத்துக்குத்தான் கொண்டுபோய் விடும், எனவே ஓர் அத்தியாயம் முடிந்த கையோடு மாறுங்கள்.